பெயர் பிழைத்தால் நூல் பிழைக்குமா?

பிழைத்தல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. தவறுதல் ஒன்று, உயிர் தப்பி வாழ்தல் மற்றொன்று. ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது, பழைய ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றை அறிந்தவர்க்கு மிகப் பொருத்தமாகத் தோன்றும். செல்லுக்கும் வெள்ளத்துக்கும் நெருப்புக்கும் தப்பிப் பிழைத்த ஏடு, அதன்மேற் கட்டிய சீட்டில் பெயர் பிழைபட்டமையால், இருந்தும் இல்லாததாகிவிடுகின்றது. தேடி வருபவர் பட்டியலைப் பார்க்கிறார். தாம் நாடிய நூல் அதில் இல்லையெனத் திரும்பிப் போகிறார். நூலோ அடுத்த அறையில் அலமாரிக்குள் வேறொரு பெயரோடு உறங்கிக்கொண்டிருக்கிறது.

ஆதலால், ஏட்டைக் காப்பது எவ்வளவு பெரிய அறமோ, அதனைப் பிழையின்றி விவரித்துப் பட்டியலில் எழுதுவதும் அவ்வளவு பெரிய அறமாகும். இவ்வேலை புலவர் பெருமக்களுக்கு மட்டும் உரியதென நினைத்து நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. ஏன் தகாது என்பதனை இக்கட்டுரையில் எடுத்துக்கூற விரும்புகிறோம்.

மலையடிவாரம் தரும் முதற் பாடம்

மாதேஸ்வரன் மலையை அறியாத தமிழ்க் குடும்பம் இப்பக்கத்தில் இல்லை. கன்னட மக்கள் எழுபத்தேழு மலை என்று போற்றிப் பாடும் இம்மலைத் தொடருக்குத் தீபாவளி, சிவராத்திரி, யுகாதி ஆகிய நாட்களிலும் அமாவாசைதோறும் சேலம், மேட்டூர், அந்தியூர்ப் பக்கங்களிலிருந்து நம்மவர் திரள் திரளாக வருகின்றனர். வந்தவருள் பலர் பிழைப்பை நாடி இந்நாட்டிலேயே நிலைத்தும் விட்டனர். குடிபெயர்ந்து வந்தபோது பானை சட்டிகளோடும் குலதெய்வத்தின் படத்தோடும் பாட்டனார் காலத்து ஏட்டுக்கட்டு ஒன்றையும் கொண்டுவந்த வீடுகள் உண்டு. வைத்தியம், சோதிடம், கணக்கு, அம்மானை, தலபுராணம் என அவற்றுள் எதுவும் இருக்கலாம். சரசுவதி பூசையன்று பரணிலிருந்து இறக்கிப் பூச்சூட்டி வணங்கிவிட்டு மறுநாள் மீண்டும் பரணிலேயே ஏற்றிவிடுகிறோம்.

அக்கட்டு எங்கிருந்து கிடைத்தது என்று ஒருவர் குறித்துக்கொள்ள முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளேகால் தாலூகா என்று எழுதுகிறார். எந்த ஜில்லா? 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை கொள்ளேகால் தாலூகா சென்னை இராச்சியத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. மொழிவழி இராச்சியங்கள் அமைந்த அன்று அது மைசூர் இராச்சியத்தோடு சேர்ந்தது. 1997ஆம் ஆண்டில் மைசூர் ஜில்லாவிலிருந்து சாமராஜநகர் ஜில்லா பிரிந்தது; கொள்ளேகாலும் மலையும் அதனுள் அடங்கின. கொள்ளேகால் தாலூகாவிலிருந்து ஹனூர் தாலூகா பிரிக்கப்பட்டபின் மலை இப்பொழுது ஹனூருக்கு உரியது. மலை இடம்பெயரவில்லை; அதன் முகவரியோ நமது தந்தையார் காலத்திலிருந்து நமது காலத்துக்குள் மூன்று முறை மாறிவிட்டது.

ஆகவே 1940ஆம் ஆண்டுக் குறிப்பொன்று "கோயம்புத்தூர் ஜில்லாவில் கிடைத்தது" என்று கூறுமானால், அதனை நம்பி இன்றைய கோயம்புத்தூரில் அவ்வேட்டின் மரபைத் தேடுபவர் ஏமாறுவார். ஊர்ப் பெயரோடு எழுதிய நாளையும் சேர்த்து எழுதியிருந்தால் இக்குழப்பம் இல்லை. ஊரும் நாளும் இல்லாத குறிப்பு பாதிக் குறிப்பே என்பது மலையடிவாரம் நமக்குத் தரும் முதற் பாடம்.

மைசூரில் ஓர் அரும்பொருள்

பட்டியலும் கண்ணும் சரியாக அமைந்தால் என்ன நன்மை விளையும் என்பதற்கு நமது மைசூர் நகரமே உலகறிந்த சான்று. 1891ஆம் ஆண்டில், பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில், மைசூரில் கீழ்த்திசை நூலகம் தொடங்கப்பெற்றது. இன்று கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரோடு மைசூர்ப் பல்கலைக்கழகத்தின்கீழ் விளங்குவது அதுவே. அந்நூலகத்துக்குத் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச்சுவடியைக் கொடுத்தார். எழுத்து கிரந்தம், மொழி வடமொழி. அதனுடன் பட்டஸ்வாமி என்பவர் இயற்றிய உரையின் ஒரு சிறு பகுதியும் இருந்தது.

நூலகத்தில் பணிபுரிந்த ஆர். சாமசாஸ்திரி அதனைப் பிரித்துப் படித்தார். 1905ஆம் ஆண்டில் அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று தெளிந்தார். அதுவரை அந்நூலின் பெயரும் சிற்சில மேற்கோள்களுமே அறிஞர்க்குத் தெரிந்திருந்தன. முழுநூல் மறைந்துவிட்டதென்றே கருதியிருந்தனர். 1909ஆம் ஆண்டில் மூலமும், 1915ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பும் நூலாக வெளிவந்தன. பண்டைய பாரத நாட்டின் அரசியலைப் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணமே அதனால் மாறிற்று.

சாமசாஸ்திரியார் எவ்வாறு அடையாளம் கண்டார் என்பதே நமக்கு இங்கு வேண்டுவது. முதல் ஓலையை மட்டும் பார்த்து அவர் நின்றுவிடவில்லை. அந்நூலின் முதல் அத்தியாயமே நூல் முழுவதற்கும் பொருளடக்கமாக அமைந்துள்ளது. அதிகரணம் 15, அத்தியாயம் 150, பிரகரணம் 180, அளவு 6,000 சுலோகம் என்று கணக்கும் சொல்கிறது. தண்டியாசிரியர் தமது தசகுமார சரிதத்தில் இந்நூலைக் குறிப்பிடுமிடத்தும் இதே 6,000 என்னும் அளவைச் சொல்லுகிறார். நூலுக்குள் உள்ள கணக்கும் வெளியில் உள்ள சான்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இவ்வாறு உள்ளும் புறமும் ஒத்துப் பார்த்து முடிவு செய்வதே அடையாளம் காணும் முறை.

இப்பொழுது சற்று வேறாக எண்ணிப் பார்ப்போம். எழுத்து தமிழ்போல் தோன்றுகிறது என்பதனால் அக்கட்டின்மேல் "தமிழ் ஏடு, பொருள் விளங்கவில்லை" என்று ஒருவர் எழுதிக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வடமொழி நூல் தேடுவோர் அதனைத் தொட்டிருக்கமாட்டார். தமிழ் நூல் தேடுவோர் பிரித்துப் பார்த்து, தமக்கு உதவாதென்று மூடியிருப்பார். ஒரு சொற்றொடர், ஒரு பேரரசின் வரலாற்றை மறைத்திருக்கும்.

பிழை புகும் வாயில்கள்

சுவடி விவரத்தில் பிழை எங்கெங்கே புகுகின்றது என்பதனை வகைப்படுத்திக் காண்போம்.

முதலாவது, எழுத்தையும் மொழியையும் ஒன்றெனக் கொள்ளுதல். கிரந்த எழுத்தில் வடமொழி இருக்கும். தமிழ் எழுத்தில் தெலுங்குக் கீர்த்தனம் இருக்கும். இரண்டும் கலந்த மணிப்பிரவாளமும் இருக்கும். கன்னட நாட்டில் இக்குழப்பம் இன்னும் பெருகும். ஆதலால் "எழுத்து" என ஓர் இடமும் "மொழி" என ஓர் இடமும் தனித்தனியே வேண்டும். கிரந்தம் என்னும் சொல்லே மூன்று பொருள் தருவது. நூல் என்பது ஒன்று; எழுத்து வகை என்பது ஒன்று; முப்பத்திரண்டு எழுத்து கொண்ட அளவு என்பது ஒன்று. "கிரந்தம் 1,500" என்றிருந்தால் அது நூலின் நீளத்தைக் குறிப்பது. அதனை 1,500 நூல்கள் எனவோ கிரந்த எழுத்து எனவோ கொண்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

இரண்டாவது, தொடக்கத்தைப் பார்த்துப் பெயரிடுதல். ஏடெழுதுவோர் எந்த நூலை எழுதத் தொடங்கினும், பிள்ளையார் துணை, குரு வாழ்க, குருவே துணை என்றெல்லாம் எழுதியே தொடங்குவர். பின்பு காப்புச் செய்யுள் வரும். இவற்றை மட்டும் படித்தவர் "விநாயகர் துதி" என்று பெயர் எழுதிவிடுவார். உள்ளே இருப்பது குதிரை வைத்தியமாக இருக்கும்! நூற்பெயர் பெரும்பாலும் இறுதியிலோ இயல்களின் முடிவிலோ காணப்படும். கடைசி ஓலையைப் படிக்காதவர் சுவடியைப் படித்தவர் ஆகமாட்டார்.

மூன்றாவது, ஆசிரியர், ஏடெழுதினவர், ஏட்டுக்கு உடையவர் ஆகிய மூவரையும் ஒருவராகக் கருதுதல். ஏட்டின் முடிவில் இன்ன ஊர் இன்னார் குமாரர் இன்னார் எழுதி நிறைந்தது என்றிருக்கும். அவர் கை வலிக்கப் படியெடுத்த புண்ணியவான். நூலை இயற்றியவர் அவருக்கு நானூறு ஆண்டு முற்பட்டவராக இருக்கலாம். மூவர் பெயரையும் மூன்று இடத்தில் எழுதுதல் முறை.

நான்காவது, காலம். பழைய ஏடுகள் பெரும்பாலும் அறுபதாண்டுச் சுற்றிலுள்ள ஆண்டின் பெயரையே கூறும். "சித்திரபானு ௵ ஆடி ௴" என்றிருந்தால் ௵ என்பது வருடம், ௴ என்பது மாதம். சித்திரபானு 1762இலும் வந்தது, 1822இலும் வந்தது, 1882இலும் வந்தது. இவற்றுள் எது? சக ஆண்டு 1744 என்றும் உடன் எழுதியிருந்தால், அதனோடு 78 கூட்ட 1822 எனத் தெளிவாகும். கொல்லம் ஆண்டாயின் 825 கூட்டிப் பார்த்தல் வேண்டும்; ஆண்டின் பிற்பகுதி மாதமாக இருப்பின் அந்த 825ஏ பொருந்தும், முற்பகுதியாயின் அதில் 1 குறைந்து 824 ஆகும் என்று மாதத்தையும் நோக்கியே துணிய வேண்டும். வேறு சான்று இல்லையேல் "சித்திரபானு" என்று உள்ளவாறே எழுதி நிறுத்துவதுதான் நேர்மை. அவ்வாறு கண்ட காலமும் படியெடுத்த காலமேயன்றி நூல் பிறந்த காலம் ஆகாது.

ஐந்தாவது, எழுத்தமைதி. பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். "செதுபுராணம" என்று ஓலையில் இருப்பது சேதுபுராணம். அதனைச் செகர வரிசையில் எழுதிவிட்டால், சேகார வரிசையில் தேடுபவர்க்கு அந்நூல் என்றும் அகப்படாது. ஓலையிலுள்ள வடிவத்தை உள்ளவாறு ஓரிடத்திலும், திருத்திய வடிவத்தை மற்றோரிடத்திலும் எழுதினால் இருவகையாலும் தேடலாம்.

ஆறாவது, எண். ஓலையின் இடப்பக்க ஓரத்தில் ஏட்டெண் தமிழ் இலக்கத்தில் இருக்கும். ௧ என்பது ககரம்போலவும், ௭ என்பது எகரம்போலவும், ௮ என்பது அகரம்போலவும் இருத்தலால் பழகாதவர் அவற்றை எழுத்தெனப் படிப்பர். ௰௨ என்றால் பன்னிரண்டு. அதனை நூற்றிரண்டு என எண்ணுவோரும் உளர். ஓர் ஏட்டுக்கு இரண்டு பக்கம் உண்டாகையால், ஏட்டுக் கணக்கையும் பக்கக் கணக்கையும் மாற்றி எழுதினால் பாதி நூல் களவு போனதாகவோ இருமடங்கு வளர்ந்ததாகவோ பிற்காலத்தார் எண்ணுவர்.

ஏழாவதும் பெரியதுமான பிழை, கட்டையும் நூலையும் ஒன்றெனக் கொள்ளுதல். ஒரே கயிற்றில் நான்கு நூல்கள் கோத்திருக்கும். முதலாவது பிரசித்தமான நூலாதலால் அதன் பெயரை மட்டும் எழுதி முடித்துவிடுவர். பின்னால் உள்ள மூன்றும், வேறெங்கும் படி இல்லாத நூல்களாயினும், பெயரற்று மறைந்துவிடும். இதற்கு மாறாக, ஒரு நூலே இரண்டு கட்டாகச் சிதறி, இரண்டு பெயரோடு இரண்டு அலமாரியில் இருப்பதும் உண்டு.

முன்னோர் காட்டிய வழி

இவ்வேலையை முன்னமே செய்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 1799ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளந்தவர் காலின் மெக்கன்சி. நிலத்தை அளந்ததோடு ஊர்தோறும் ஏடுகளையும் கைபீதுகளையும் தேடிச் சேர்த்தார். கொங்குதேச இராசாக்கள் என்னும் வரலாறு அவர் தொகுப்பில் உள்ளதே. 1821இல் அவர் மறைந்தார். 1828இல் எச். எச். வில்சன் அத்தொகுப்புக்குப் பட்டியல் வெளியிட்டார். வில்சன் வடமொழியில் வல்லவர். தென்னாட்டு மொழி நூல்களுக்கோ நம் நாட்டு உதவியாளர் எழுதிய குறிப்புகளையே நம்பவேண்டியவராயிருந்தார். மொழியறிந்தவர் ஏட்டையே நேரிற் பார்த்து எழுதும் பட்டியல் பின்னரும் தேவைப்பட்டமைக்குக் காரணம் இதுவே.

மெக்கன்சி தொகுப்பின் தென்னாட்டுப் பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தைச் சேர்ந்தது. அங்கே மு. ரங்காசாரியார் மேற்பார்வையில் தமிழ்ச் சுவடிகளின் விளக்கப் பட்டியல் 1912இல் வெளிவரத் தொடங்கிற்று. அதிலே ஒவ்வொரு சுவடிக்கும் எழுதப்பட்ட பொருள் பனையோலையா காகிதமா, நீள அகலம் எவ்வளவு, பக்கம் எத்தனை, பக்கத்துக்கு வரி எத்தனை, எழுத்து யாது, நிலை எப்படி, முழுமையா குறையா என்றெல்லாம் ஒழுங்காக எழுதி, தொடக்கத்தையும் முடிவையும் எடுத்துக் காட்டினர். புலமையைக் காட்டும் சொல் அங்கே குறைவு; அளவுகோலும் கண்ணும் கண்டதே மிகுதி. ஆகையால் நூறாண்டு கழிந்தபின்னும் அது பயன்படுகிறது.

டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் நேர்மை இதற்கு மணிமுடி. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1904இல் கிடைத்த எட்டுப் பத்துக்களையே பதிப்பித்து, கிடையாதவற்றைக் கிடையாதவை என்றே கூறினார். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுக்கள் இல்லை; அவ்வெண்களை அப்படியே வெறுமையாக விட்டார்; 269ஐ 267 என மாற்றி வரிசையைச் சீராக்கிக் காட்ட முற்படவில்லை. பதிப்புக்கு உதவிய ஏடுகள் யார் யாரிடமிருந்து கிடைத்தன என்பதனையும் முகவுரைகளில் எழுதிவைத்தார். அவ்வெற்றிடங்கள் பின்வருவோர்க்கு "இங்கே தேடுக" என்று கைகாட்டும் பலகைகளாக இன்றும் நிற்கின்றன.

கண்டதும் கருதியதும்

இவற்றாற் பெறப்படும் தலையாய விதி ஒன்றே. கண்டதைக் கண்டதென்று எழுதுக. கருதியதைக் கருதியதென்று எழுதுக. அறியாததை அறியாததென்று விடுக.

புகைவண்டி நிலையத்துச் சரக்கு அலுவலகத்தில் எழுத்துவேலை பார்க்கும் நமக்கு இவ்விதி புதிதன்று. பெட்டியொன்று பதிவுக்கு வருகிறது. மேலே எழுதியிருப்பதையும், எண்ணிக்கையையும், எடையையும், கட்டு உடைந்திருந்தால் அதனையும் ரசீதில் எழுதுகிறோம். "உள்ளே கண்ணாடிச் சாமான்" என்று அனுப்புகிறவர் சொன்னால், அனுப்புபவர் சொன்னபடி என்றே எழுதுவோம். திறந்து பார்த்ததுபோல் எழுதமாட்டோம். ஓரெழுத்து மாறினால் ஒரு பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும். ஆயினும் பெட்டிக்கு உடையவர் உயிரோடிருக்கிறார்; ரசீதோடு வந்து கேட்பார்; பிழை வெளியாகும். ஏட்டுக்கு உடையவரோ மறைந்து இருநூறு ஆண்டு ஆயிற்று. அவர் வந்து கேட்கமாட்டார். ஆகையால் அங்கே எழுதுபவரின் மனச்சான்று ஒன்றே காவல்.

ஓர் ஏட்டுக்கட்டை இருவர் விவரிப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். முதல்வர், "பழைய வைத்திய ஏடு, 200 ஆண்டுப் பழமை, அகத்தியர் அருளியது, முழுமை" என்று எழுதுகிறார். இரண்டாமவர், "பனையோலை, நீளம் 32 செ.மீ., அகலம் 3 செ.மீ.; ஏட்டெண் ௧ முதல் ௯௰ வரை; அவற்றுள் 14, 15, 41, 42 இல்லை; இருப்பவை 86 ஏடு; பக்கத்துக்கு 6 வரி; எழுத்து தமிழ், மொழி தமிழ்; ஓரங்கள் செல்லரித்தவை; 60ஆம் ஏட்டுக்குப்பின் கையெழுத்து மாறுகிறது; நூற்பெயர் காணப்படவில்லை; மருந்துச் சரக்குகள் பேசப்படுவதால் வைத்தியம் எனக் கருதப்படுகிறது" என்று எழுதுகிறார்.

முதல்வர் எழுதியது கேட்க இனிது. இரண்டாமவர் எழுதியதே பயன் தருவது. வேறோர் ஊரில் 14, 15, 41, 42 என்னும் நான்கு ஏடுகள் மட்டும் தனியே கிடைக்குமானால், அளவும் வரியும் ஒத்துப் பார்த்து அவற்றை இக்கட்டோடு சேர்த்துவிடலாம். முதல்வரின் "முழுமை" என்ற ஒரு சொல் அவ்வாயிலை அடைத்துவிடுகிறது.

படம் பிடித்தால் போதாதா?

கைப்பேசியிலேயே படம் எடுக்கும் இக்காலத்தில் இவ்வளவு எழுத்துவேலை எதற்கு என்று சிலர் வினவலாம். படம் மிக நல்லது, வேண்டியதுங்கூட. ஆயினும் பெயர் தவறிய படம், பெயர் தவறிய ஏட்டைப் போன்றதே. ஆயிரம் படங்களுக்கிடையே கிடக்கும் ஒரு படத்தைத் தேடிக் கொடுப்பது அதன் விவரமேயாகும். அளவுகோல் வைக்காமல் எடுத்த படம் ஓலையின் நீளத்தைச் சொல்லாது. வரிசை தவறி எடுத்த படம் நூலையே குலைத்துவிடும்.

மத்திய அரசு 2003இல் தேசியச் சுவடி இயக்கத்தைத் தொடங்கியது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்யும் ஞான பாரதம் என்னும் திட்டத்தை அறிவித்தது. மகிழத்தக்க செய்தி. ஆனால் ஒரு கோடியில் நூற்றுக்கு ஒன்று பிழைபட்டாலும் ஒரு லட்சம் சுவடிகள் பெயர் மாறிவிடும் அல்லவா? வேலை பெருகப் பெருகக் கவனமும் பெருகுதல் வேண்டும்.

ஏடு அழிந்துபோனாலும் நல்ல விவரம் ஒருவாறு அதற்குச் சாட்சியாக நிற்கும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. அத்தகைய பேரிழப்பிலே, இழந்தது இன்னதென்று சொல்லவாவது பட்டியலின் படி வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். எதை இழந்தோம் என்றே அறியாமலிருப்பது இழப்பிலும் கொடிது.

ஏடே இல்லாமல் நாவிலே வாழும் நூல்களுக்கும் இதுவே விதி. மாதேஸ்வரனைப் பற்றிய பெருங்கதையைக் கம்சாளைத் தாளத்தோடு பாடுவோரும் தேவரகுட்டரும் தலைமுறை தலைமுறையாக வாயினாலேயே காத்து வந்தனர். கன்னட அறிஞர் சென்ற நூற்றாண்டில் அதனைக் கேட்டு எழுத்தில் அமைத்தனர். பாடினவர் யார், எந்த ஊர், எந்நாள் என்பவை இல்லையானால், ஒருவர் பாட்டு மற்றொருவர் பாட்டோடு கலந்து, எது எவருடையதென்று அறிய இயலாது போகும்.

நாம் செய்யத்தக்கவை

திருநெல்வேலிச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை ஓமத் தீயில் இட்டுவிட்டனர் என்று கேட்டு ஐயரவர்கள் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ஆடிப் பதினெட்டில் ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கமும் இருந்ததை அவர் குறித்துள்ளார். மலைக்குக் கீழே காவிரி ஓடுகிறது. ஆடிப்பெருக்கும் ஆண்டுதோறும் வருகிறது. படிக்கத் தெரியாத ஏட்டைப் புனலிலே விடுதல் பக்தி என்று எண்ணும் முதியவர் நம் வீடுகளில் இன்னும் இருக்கக்கூடும். அவர்களை வைது பயனில்லை; பணிவோடு எடுத்துச் சொல்லுதல் நம் கடமை.

வீட்டில் ஏட்டுக்கட்டு உடையவர் கீழ்வரும் சிலவற்றைச் செய்யலாம்.

1. கட்டை அவிழ்க்குமுன், இருக்கும் நிலையிலேயே ஒரு படம் எடுக்க. ஓலைகளின் வரிசையை மாற்றற்க. வரிசை தவறியிருப்பதாகத் தோன்றினாலும் தாமே சீராக்க முற்படற்க.

2. சட்டம், கயிறு, ஓரத்தில் ஒட்டிய துண்டு எதனையும் எறியற்க. மேற்சீட்டில் பழைய பெயர் தவறாக இருப்பதாகத் தோன்றினாலும் அதனைக் கிழிக்காமல், புதிய சீட்டைத் தனியே வைக்க. பழைய சீட்டும் ஒரு சான்றே.

3. ஒரு தாளில் நீளம், அகலம், ஓலை எண்ணிக்கை, பக்கத்துக்கு எத்தனை வரி, உடைந்தவை எத்தனை என்று எழுதுக. இதற்கு ஏடு படிக்கத் தெரியவேண்டுவதில்லை. பள்ளிப் பிள்ளைகளே அளந்து எழுதலாம்.

4. யாரிடமிருந்து வந்தது, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் என்பவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக. "பாட்டியார் சொன்னபடி" என்று சொன்னவரையும் சேர்த்து எழுதுக. ஏட்டில் இல்லாத இவ்விவரம் அவர்கள் மறைந்தால் அவர்களோடு மறைந்துவிடும்.

5. முதல் ஓலையும் கடைசி ஓலையும் தெளிவாகத் தெரியும்படி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க. எழுத்து விளங்கவேண்டுமென்று கண்ட எண்ணெயையும் சாற்றையும் தாமே பூசற்க. அறிந்தவரைக் கேட்டுச் செய்க.

6. பெயர் தெரியாவிடின் "பெயர் தெரியவில்லை" என்று எழுதுக. இதில் நாணத்துக்கு இடமில்லை.

இவ்வாறு எழுதிய தாளில் ஒரு படி வீட்டிலும் ஒரு படி வெளியூர் உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். ஏட்டைப் பிரிய மனமில்லாதவர் அதனைப் பிரியவேண்டுவதில்லை; விவரத்தை மட்டும் மைசூர்க் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம், சென்னையிலுள்ள சுவடி நூலகங்கள் முதலியவற்றில் அறிந்தவர்க்குக் காட்டி ஆலோசனை பெறலாம். நமது சங்கத்தில் ஒரு பதிவேடு வைத்து, உறுப்பினர் வீட்டிலுள்ள கட்டுகளின் விவரங்களை வரிசையாக எழுதிவைப்பதும் நன்று. அதற்கு வேண்டியவை ஒரு கோடிட்ட நோட்டும், ஓர் அளவுகோலும், சில ஞாயிற்றுக்கிழமைகளுமே.

தாய்நாட்டிலிருந்து தொலைவில் வாழும் நமக்கு இக்கடமை ஒருபடி மிகுதி. தமிழகத்தில் ஓர் ஏடு தவறான பெயரோடு இருந்தாலும், என்றேனும் ஒருநாள் தமிழறிந்த ஒருவர் கையில் அது சிக்கும். இங்கே நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது வேண்டியதே. ஆனால் நமக்குப்பின் அப்பரணில் கைவைப்பவர், சீட்டில் உள்ளதை நம்பியே அக்கட்டை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று முடிவு செய்வார். அச்சீட்டு உண்மை பேசினால் ஏடு பிழைக்கும்.

வரும் சரசுவதி பூசைக்கு ஏட்டை இறக்கும்போது, பூவோடும் சந்தனத்தோடும் ஓர் அளவுகோலையும் ஒரு வெள்ளைத் தாளையும் உடன் எடுத்து வைக்குமாறு நமது சங்கத்துக் குடும்பங்களை வேண்டிக்கொள்கிறோம்.